எட்டு ஸ்குரூ: ஒரு டியூப் ஆம்போடு ஆறு வருஷம்

என் கிடார் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், போன வாரம்தான் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்தது. அன்றைக்கே எங்கள் குழுவின் புது கிடார் தம்பி போன் செய்தான். "அண்ணே, உங்க மாடலே செகண்ட் ஹேண்ட்ல வந்திருக்கு, விலையும் குறைச்சிட்டாங்க. வாங்கட்டுமா?" வேண்டாம்டா என்றேன். போனை வைத்துவிட்டு அதே ஆம்பை ஆன் செய்து இரண்டு மணி நேரம் வாசித்தேன். இரண்டுக்கும் காரணம் உண்டு.

40 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பவர் பக்கம் 6எல்6ஜிசி என்ற டியூப் (பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வு மாதிரி) இரண்டு. மற்ற விவரமெல்லாம் தம்பிக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அவனுக்குத் தெரியாதது பயஸ். நானும் நான்கு வருஷம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நாம் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் பவர் டியூபில் கொஞ்சம் கரன்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு ஓடலாம் என்பதை, டியூபுக்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பிவலைக்குப் போகும் மைனஸ் வோல்டேஜ் பிடித்து வைக்கிறது. இதைச் சரியாக வைப்பதுதான் பயஸ். என் ஆம்பில் அது மைனஸ் 50 வோல்ட்டை ஒட்டி இருக்கும். மைனஸ் கூடினால் கரன்ட் குறையும், குறைந்தால் கரன்ட் ஏறும். சத்தத்தின் அலையை இரண்டு டியூபும் மாறி மாறிச் சுமப்பதால், கரன்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் ஒன்று விட்டு மற்றது பிடிப்பதற்குள் சின்ன இடைவெளி விழும். மெதுவாக வாசிக்கும்போது நோட்டின் வாலில் மணலைத் தேய்த்த மாதிரி ஒரு சொரசொரப்பு கேட்கும். அதற்கு நான் பிக்கப்பைத் திட்டினேன், கம்பியைத் திட்டினேன், கடைசியில் என் விரலையே சந்தேகப்பட்டேன். தேவையே இல்லாமல் ஒரு பெடல்கூட வாங்கினேன்.

வால்வு ரேடியோ காலத்திலிருந்தே சாலிடரிங் பிடித்த ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1 ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு டியூபிலும் எலக்ட்ரான் கிளம்பும் கேதோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தார். இனி மீட்டரில் 1 மில்லிவோல்ட் காட்டினால் கரன்ட் 1 மில்லியாம்ப். காட்டியது 23. எலக்ட்ரான் போய்ச் சேரும் பிளேட்டில் 420 வோல்ட். பெருக்கினால் 10 வாட்டுக்கும் கீழே. இந்த டியூப் தாங்குவதோ 30 வாட். "குளிர்ல நடுங்குது தம்பி" என்றார். பயஸைக் கூட்டிக் குறைக்கும் டிரிம் பாட் என்ற சின்னத் திருகைத் திருப்பி 45-க்குக் கொண்டுவந்தார். அதில் பிளேட்டுக்குப் போகாமல் ஸ்கிரீன் என்ற இன்னொரு வலைக்குப் போவது 3 மில்லியாம்ப் என்று கழித்தாலும் பிளேட்டில் 17 வாட்டுக்கு மேல், அதாவது 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 70 சதவீதம் என்று எல்லோரும் சொல்வது உச்ச வரம்பு. போய்ச் சேர வேண்டிய ஊர் இல்லை.

கிடாரை மாட்டிக் கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு அடித்தேன். அடப்பாவி, இத்தனை வருஷம் இந்த ஆம்ப் எங்கே இருந்தது? லேசாகத் தொட்டால் தெளிவு, அழுத்தினால் மெல்லக் கரகரப்பு. அதற்கு இன்றுவரை குறை சொல்ல மாட்டேன்.

கோபம் வேறு இடத்தில். இந்த ஆம்பில் பயஸ் பார்க்க வெளியே ஒரு பாயின்ட் கிடையாது. பின்பலகைக்கு நாலு, சர்க்யூட் உட்கார்ந்திருக்கும் சேஸிஸ் என்ற உலோகத் தட்டுக்கு நாலு என்று எட்டு ஸ்குரூ கழற்றி, டிரான்ஸ்பார்மர்களின் கனத்தோடு சேஸிஸை இறக்கித் தலைகீழாக வைத்தால்தான் அந்த டிரிம் பாட் கண்ணில் படும். டியூப் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் வரை உட்கார்ந்திருக்கலாம். அதை வடிக்காமல் கை வைத்தால் கிடார் வாசிக்க ஆள் இருக்காது. பின்பக்கம் மீட்டர் முனை நுழைய இரண்டு ஓட்டையும் ஸ்குரூடிரைவருக்கு ஒரு ஓட்டையும் போட என்ன செலவாகியிருக்கும்?

போன மாதம் இன்னொரு கதை. ரிகர்சல் நடுவே ஹம் இரைச்சல் ஏறியது. திரும்பிப் பார்த்தால் ஒரு டியூபின் பிளேட் அடுப்புத் தணல் மாதிரி சிவந்திருந்தது. பாய்ந்து அணைத்தேன். டிரிம் பாட்டின் நடுக்கால் தொடர்பு விட்டதில் கிரிட்டுக்கு மைனஸே போகவில்லை. அந்தக் கால் விட்டுப்போனால் முழு மைனஸும் போகும்படி வயரிங் செய்திருந்தால் சத்தம் மட்டமாகியிருக்கும், டியூப் பிழைத்திருக்கும். அப்படிச் செய்ய ஒரு ரெசிஸ்டர் போதும். ஜோடி போச்சு. ஒரே அளவில் பொறுக்கிய புது ஜோடி வாங்கிய பில்லை வீட்டில் இன்னும் காட்டவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வாக்ஸ் ஏசி30 மாதிரி கேதோடு பயஸ் ஆம்பில் இந்தத் தலைவலி இல்லை. ஒரு ரெசிஸ்டரே பயஸைத் தானாகப் பார்த்துக்கொள்கிறது, அதிலுள்ள இஎல்84 டியூப் நாலையும் மாற்றிவிட்டு வாசிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த டியூப்கள் எப்போதும் சூட்டிலேயே கிடக்கும், பலமாக அடித்தால் சற்றுத் தொய்யும். எனக்குப் பிடித்த நிமிர்ந்த சுத்தமான சத்தம் அதில் வராது. மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் 215 வோல்ட், நள்ளிரவில் 250. சாயங்காலம் வைத்த பயஸ் ராத்திரி நாலைந்து மில்லியாம்ப் ஏறி நிற்கும். அதனால் நான் இப்போது ராத்திரியில்தான் பயஸ் வைக்கிறேன்.

இந்த ஆம்புக்கு மார்க் போடச் சொன்னால் 10-க்கு 4. "அப்போ உங்களுதை எனக்குக் குடுத்துடுங்கண்ணே" என்று நேற்று தம்பி கேட்டான். பேச்சை மாற்றிவிட்டேன்.

எட்டு ஸ்குரூவில் இப்போது ஆறுதான் மாட்டியிருக்கிறேன். புது டியூப் செட்டானதும் அடுத்த மாதம் மறுபடி திறக்கத்தானே வேண்டும்.