ஐபிவி4-லேயே ஓட்டலாமா, ஐபிவி6-உம் கொடுக்கலாமா?

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரி கொடுக்கும் பழைய முறை ஐபிவி4, புதியது ஐபிவி6. மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இணைய இணைப்பு கொடுக்கும் சிறு ஆபரேட்டருக்கு முதல் வழி எளிது. ஒரே ஐபிவி4 பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடலாம். யூடியூபும் வாட்ஸ்அப்பும் ஓடும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. வளைகுடாவில் இருப்பவர் ஊர்வீட்டு கேமராவை நேரடியாகப் பார்க்க முயலும்போதுதான் சிக்கல். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து கேமராவுக்கு வரும் வழி) திறந்தாலும் வேலைக்காகாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பங்கிட்ட முகவரிதான் காரணம் என்று பிடித்துவிடலாம்.

ஐபிவி6-இல் வீட்டுக்கு ஒரு தனி முகவரித் தொகுதியே கிடைக்கும். 1995-லேயே வரையறுத்தும் இன்னும் முழுதாகப் பரவாததற்குக் காரணம், அது ஐபிவி4-உடன் நேரடியாகப் பேசாது. இரண்டையும் சேர்த்தே ஓட்டவேண்டும்: இரட்டை ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் காவல்), இரட்டைத் தலைவலி. அதற்காக வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டார்!

அதிகம் நடக்கும் தவறு, பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பிவி6-ஐ (ஐபிவி6-இல் பிழைத் தகவல்களைக் கொண்டுபோகும் முறை) மொத்தமாக அடைப்பது. பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் பாக்கெட் (ஒரு தடவையில் போகும் தரவுத் துண்டு) அளவு வழக்கமாக அதிகபட்சம் 1492 பைட். அதைவிடப் பெரிதாக வந்தால் ‘பெரிது’ என்ற தகவல் அனுப்பியவருக்குத் திரும்பாது, பக்கம் பாதியில் தொங்கும்.

புது இணைப்புகளுக்கு இரண்டையும் கொடுப்பதே சரி. கேமராவுக்கு மட்டும் வெளியிலிருந்து வர அனுமதிக்கும் விதியை ஃபயர்வாலில் எழுதுங்கள். பார்ப்பவரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்கவேண்டும்.