புரை ஆபரேஷனுக்குப் பிறகும் மங்கினால்: லென்ஸ் விளிம்பா, லேசரா, வைட்டமினா?

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெரியம்மைகள் சிலர் சொல்வதுண்டு: ஆபரேஷன் முடிந்து ரெண்டு வருஷம் நல்லாத்தான் தெரிந்தது, இப்போது பீடியில் நூல் எந்த இடத்தில் நிற்கிறது என்றே பிடிபடவில்லை. "வச்ச லென்ஸ் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். உண்மையில் மங்குவது லென்ஸ் அல்ல. புரையை எடுத்தாலும் அது இருந்த மெல்லிய பையை விட்டுவைத்து, அதற்குள்தான் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பையின் ஓரத்தில் மிஞ்சிய செல்கள் பெருகிப் பின்சுவரில் படர்ந்து மறைக்கின்றன. ஐந்து வருஷத்தில் சுமார் 28 சதவீதக் கண்களில் இப்படி ஆகிறது என்று 1998-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அதன் பிறகு லென்ஸ்கள் மாறிவிட்டன.

மாறியதில் முக்கியமானது விளிம்பு. உருண்டை விளிம்பைத் தாண்டி செல்கள் சுலபமாக நகர்ந்துவிடும். சதுர விளிம்பு பையின் பின்சுவரில் அழுத்தி உட்கார்ந்து வழியை அடைக்கும். மடங்கும் லென்ஸ் வாங்கினால்தான் இது கிடைக்கும் என்றில்லை. முகாமில் வைக்கும் மடங்காத பிஎம்எம்ஏ (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) லென்ஸையும் சதுர விளிம்போடு செய்யலாம். அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் நீண்டகாலம் கவனித்துப் பார்த்ததில், உருண்டை விளிம்பை விட அதில் மங்கல் குறைவு. புரையை எடுத்த பிறகு பைக்குள் ஒட்டியிருக்கும் மிச்சத்தை டாக்டர் எவ்வளவு சுத்தமாக எடுக்கிறார் என்பதும் முக்கியம்.

அதையும் மீறி மங்கினால் யாக் லேசர். கத்தி இல்லை, தையல் இல்லை. சில நிமிடத்தில் பின்சுவரில் ஒரு ஓட்டை, அன்றைக்கே வீட்டுக்கு. ஆனால் கண் அழுத்தம் ஏறலாம், அபூர்வமாக விழித்திரை பிரியலாம். அதனால் படிக்கவோ வேலைக்கோ இடைஞ்சல் வராதவரை அவசரப்பட வேண்டியதில்லை. லேசருக்குப் பிறகு திடீரென மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுந்தது போலவோ தெரிந்தால் அன்றே ஓட வேண்டும்.

அப்புறம் வைட்டமின். இதில் ரெண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் போன்றவற்றை ஆபரேஷன் நேரத்திலேயே கண்ணுக்குள் வைத்து செல் பெருக்கத்தைத் தடுக்க முடியுமா என்று முயல் கண்களில் சோதித்திருக்கிறார்கள். யோசனை நல்லதுதான். மருந்து பைக்குள்ளேயே தங்க வேண்டும், திரும்ப வளராத கருவிழி உட்புறச் செல்களைத் தொடவும் கூடாது, சிக்கல் அங்கேதான். நம் ஆஸ்பத்திரிகளில் இது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

மருந்துக்கடை வைட்டமின் அட்டை வேறு சமாச்சாரம். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 5 வருஷம் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது: புரை வளரும் வேகம் குறையவில்லை. அது புரையைப் பற்றியது, பை மங்கலைப் பற்றியதல்ல. ஆனாலும் புரைக்கே உதவாததை இதற்கு நம்பி வாங்க எனக்கு மனசு வரவில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிக பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

என் வரிசை இதுதான்: முதலில் விளிம்பு, தேவைப்பட்டால் லேசர், மாத்திரை வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் கவுன்சிலிங் மேஜையில் விலையோடு சேர்த்து, "விளிம்பு சதுரமா?" என்றும் கேளுங்கள்.