நாலு தோட்டத்துப் பள்ளி ஒரே வாசலில்: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

மகளை இந்தத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், சுற்றிலும் செம்பனை, நடுவில் ஊர். பள்ளியின் பெயரைப் போடவில்லை, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் 17 பிள்ளைகள்தான், பெயர் எழுதாத நோட்டு யாருடையது என்று கையெழுத்தைப் பார்த்தே டீச்சர் சொல்லிவிடுகிறார். வேன் மாதம் 110 வெள்ளி (ரிங்கிட்), மழை பெய்தால் தாமதம், அது பழகிவிடும்.

நாலு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிகளைச் சேர்த்து வந்தது இது. அதில் ஒன்றில்தான் அம்மா படித்தார்: பலகைக் கட்டடம், ஒரே அறையில் இரண்டு வகுப்பு, பெரட்டுக்கு (காலையில் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு) அடிக்கிற தண்டவாளத் துண்டுதான் பள்ளிக்கும் மணி, இடைவேளை விட்டால் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஓடிப் பாட்டியைப் பார்த்துவிட்டு வருவாராம். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்கவேண்டும் என்று 1912-இல் சட்டம் போட்டதால் முளைத்த குட்டிப் பள்ளிகள் இவை, சில இடங்களில் கிராணியே (தோட்டத்துக் கணக்கரே) வாத்தியார். நிலம் தோட்டத்துடையது என்பதால் பின்னாளிலும் பலவற்றுக்கு அரசாங்கத்தின் பகுதி உதவிதான், பலகை கல்லாக மாறவே இல்லை. 1957-இல் நாடு முழுக்க 888 தமிழ்ப்பள்ளிகள், இப்போது சுமார் 530. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அதற்கு அத்தனை ஆள் வேண்டாம், சனம் தாமானுக்கு (வெளியே உள்ள குடியிருப்புகளுக்கு) போய்விட்டது. அப்புறம் பிள்ளை இல்லாத பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு 'சேர்த்தார்கள்'. மூடினோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்குத்தான்: மண்டபத்தில் பெரிய வரலாற்றுப் பலகை, தலைமையாசிரியர்கள் பட்டியல், கட்டட நிதி கொடுத்தவர்கள் பெயர், எல்லாம் பளபளப்பாக இருக்கிறது, ஆனால் யார் பெயர் தங்கியதோ அந்த ஒரு தோட்டம் மட்டும்தான் அதில். மற்ற மூன்றும் இல்லை. பதிவு நாளன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினார், ஒன்றும் சொல்லவில்லை, கேண்டீன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்டேன். நியாயமாகத்தான் பேசினார்கள், பழைய படம் இருந்தால் கொடுங்கள், பலகையில் சேர்த்துவிடலாம் என்றார்கள். அம்மாவிடம் இருப்பது ஒரே ஒரு வகுப்புப் படம், கண்ணாடியோடு ஒட்டிப் பாதி முகம் போய்விட்டது. மற்ற மூன்று தோட்டத்தில் படித்தவர்கள் யாரிடமாவது படமோ ரிப்போர்ட் கார்டோ இருந்தால் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருகிறார்கள்.