நிலவறைக் கல்சுவரில் கருவிப் பலகை: துளையிடுவதா, சட்டகம் நிறுத்துவதா?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜெர்மன்டவுன், செஸ்ட்நட் ஹில் பகுதிகளில் உள்ள பழைய வீடுகள் பல, விஸ்ஸஹிக்கன் ஷிஸ்ட் எனப்படும், அபிரகம் (மைக்கா) மின்னும் சாம்பல் நிறக் கல்லால் கட்டப்பட்டவை. அவற்றின் நிலவறையில் உளி, இழைப்புளி, ரம்பம் ஆகியவற்றை மாட்டி வைக்க மரப்பலகை பொருத்த நினைப்பவர் மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: கல்லில் துளையிடலாம், கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் துளையிடலாம், அல்லது சுவரைத் தொடாமல் தனிச் சட்டகம் நிறுத்தலாம்.

எதைத் தேர்ந்தாலும் எடையை முதலில் கணக்கிட வேண்டும். 18 மி.மீ. தடிமனுள்ள 8-க்கு 4 அடி பிளைவுட் மட்டுமே ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். கருவிகளும் சேர்ந்தால் 100 கிலோவை எட்டுவது எளிது. தட்டையான பலகையின் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கியே இழுக்கும். ஓரடி ஆழமுள்ள அலமாரியோ மேல்வரிசை போல்ட்டுகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கும்.

சாந்தில் துளையிடுவது எளிது. சாதாரண டிரில்லே போதும். பழங்கட்டடங்களைப் பேணுவோர் இவ்வழியைப் பரிந்துரைப்பதற்கும் நியாயமான காரணம் உண்டு: சாந்தைப் பின்னாளில் பூசிச் சரிசெய்துவிடலாம், உடைந்த கல்லைப் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் அந்த அறிவுரை விளக்கு, பெயர்ப்பலகை போன்ற இலேசான பொருள்களுக்கே பொருந்தும். நூறாண்டு ஈரம் குடித்த சுண்ணாம்புச் சாந்து பல இடங்களில் விரலால் சுரண்டினாலே உதிரும். அதில் விரியும் ஆங்கரை (துளைக்குள் விரிந்து போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் உலோக உறையை) முடுக்கினால் அது பிடிப்பதற்குப் பதிலாகத் துளையையே பெரிதாக்கும். கருவிப் பலகைக்கு இவ்வழியை நான் ஏற்க மாட்டேன்.

கல்லில் துளையிடுவது வலுவானது என்றாலும், எந்தக் கல் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து வீடுகளின் கிரானைட்டில், சுழன்றபடியே இடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹாமர் கொண்டு பொறுமையாகத் துளையிட்டால் ஆங்கர் உறுதியாக நிற்கும். ஆனால் ஷிஸ்ட் அடுக்கடுக்கான கல். விளிம்புக்கு அருகே ஆங்கர் விரிந்தால் அடுக்கோடு பிளந்துவிடும். அங்கே விரிந்து கல்லை நெருக்காமல் பசையால் ஒட்டிப் பிடிக்கும் எப்பாக்ஸி ஆங்கரே ஏற்றது. கற்களுக்கு நடுவே பொந்து இருந்தால் பசை வழிந்தோடிவிடும் என்பதால் பசையைத் தாங்கிப் பிடிக்கும் வலைக்குழாயும் செருக வேண்டும். துளைத்தூளில் சிலிக்கா இருப்பதால் முகக்கவசமின்றி இவ்வேலையில் இறங்கவே கூடாது.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் சுவரின் மேடுபள்ளம் அப்படியே இருக்கும். ஓரிடத்தில் ஒரு அங்குலம் புடைத்தும் அடுத்த இடத்தில் இரண்டு அங்குலம் உள்வாங்கியும் இருக்கும் சுவரில், ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் ஆப்பு வைத்து ரசமட்டம் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். மண்ணிலிருந்து கல்லேறும் ஈரம் சுவரின் உட்பக்கமாக ஆவியாகி வெளியேறுகிறது. அந்த வழியைப் பலகையால் அடைத்தால் மரத்தின் முதுகில் பூஞ்சையும் இரும்பில் துருவும் ஏறும்.

ஆகவே என் தேர்வு தனிச் சட்டகமே. சுவரிலிருந்து இரண்டு அங்குலமேனும் விலக்கி, மேலே தளத்தைத் தாங்கும் உத்திரங்களோடும் கீழே தரையோடும் பிணைத்துவிட்டால், எடை முழுவதும் தரைக்கு இறங்கும். கல்லில் ஒரு துளைகூட வேண்டாம். தரையைத் தொடும் கட்டை மட்டும் பூச்சித்தடுப்பு மருந்தேற்றிய மரமாக இருக்க வேண்டும். 2003 இறுதியில் ஆர்சனிக் கலந்த மருந்து அமெரிக்க வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்பட்ட பின் வந்த செம்பு மருந்துகள் சாதாரண ஆணியை அரிப்பதால், துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ அவசியம். சட்டகம் நான்கைந்து அங்குல இடத்தை விழுங்கும். குறுகிய நிலவறையில் அது பெரிய இழப்புதான்.

சட்டகத்தின்மேல் 45 பாகை சரிவாக அறுத்த பட்டிகளைக் குறுக்கே அறைந்து, அதே சரிவுள்ள பட்டியைக் கருவித் தட்டுகளின் முதுகில் பொருத்தினால், ஒன்றன்மேல் ஒன்று கொக்கிபோல் அமரும். பனி உருகும் மாதங்களில் தட்டுகளைக் கழற்றி, பட்டிகளின் இடைவெளி வழியே விளக்கடித்துப் பின்சுவரின் ஈரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிடலாம்.