பெரிய எஞ்சினின் சின்ன மாதிரி: குறை காலடியில்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மருமகன், கிளாஸ் 92 வகைச் சரக்கு எஞ்சினின் மாதிரி ஒன்றைச் சென்ற மாதம் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். கூட்ஸ் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன் என்பதால், ஷெட்டில் எஞ்சினைப் பொறுப்பேற்கும் பழக்கம் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூரை முதல், சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி வரை பார்த்த பிறகே தண்டவாளத்தில் வைத்தேன்.

அசலைச் சொல்லாமல் மாதிரியை எடைபோட முடியாது. லஃபரோ நகரின் பிரஷ் நிறுவனம் 1990களின் நடுவில் கட்டிய 46 எஞ்சின்கள் இவை. 1994-இல் திறக்கப்பட்ட ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் 25,000 வோல்ட் ஏசி மின்சாரம் மேல்கம்பியில் வரும். தென்கிழக்கு இங்கிலாந்தின் பழைய பாதைகளிலோ 750 வோல்ட் டிசி, தண்டவாளத்தை ஒட்டிப் பதித்த ‘மூன்றாம் ரயில்’ என்ற தனி இரும்புத் தண்டில் ஓடும். கிளாஸ் 92 இரண்டிலும் இயங்கும். மும்பைப் பகுதிக்காக நம் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) நிறுவனம் கட்டிய டபிள்யூசிஏஜி-1 எஞ்சினுக்கும் இரு மின்னழுத்தம் உண்டு. ஆனால் அது இரண்டையும், கூரைமேல் எழுந்து மேல்கம்பியைத் தொடும் பாண்டோவின் வழியாகவே எடுத்தது. கிளாஸ் 92 ஒன்றைத் தலைக்கு மேலும் மற்றதைக் காலடியிலும் எடுக்கிறது. மேல்கம்பியில் 5,040 கிலோவாட் தரும் எஞ்சின் மூன்றாம் ரயிலில் 4,000-த்தோடு நின்றுவிடுகிறது. அந்த 4,000-க்கே 750 வோல்ட்டில் ஐயாயிரம் ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வளவும் போகியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு மூன்றாம் ரயிலைத் தொடும் ‘ஷூ’க்களின் வழியாகத்தான் ஏற வேண்டும்.

மாதிரியில் எனக்கு மனத்தாங்கல் அங்கேதான். சுமார் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள உடலில் காற்றுச் சல்லடைகளும் ஓட்டுநர் அறையின் கைப்பிடிகளும் வெகு நேர்த்தி. சாம்பல் நிறப் பூச்சில் ஒரு பிசிறு இல்லை. ஷூக்களை மட்டும் பல்குச்சி கனத்தில் பிளாஸ்டிக்கில் செய்து, ஒரு சொட்டுப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாம் நாளே ஒன்று கழன்று விழுந்தது. பாய்க்கு அடியில் அரைமணி நேரம் தேடி எடுத்தேன். பாண்டோ மேலே எழுந்து நிற்கிறது என்றாலும் மின்சாரம் எடுப்பதில்லை. 12 வோல்ட்டும் சக்கரங்களின் வழியாகவே வருகிறது. இவ்வகை மாதிரிகளில் அது வழக்கம் என்பதால் குறையாகச் சொல்லவில்லை.

மாதிரியின் உடல் அசலில் 76-இல் ஒரு பங்கு, பாதையின் அகலமோ 16.5 மில்லிமீட்டர், அளவுப்படி 19 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆகவே முன்புறமிருந்து பார்த்தால் கால் ஒடுங்கிய எஞ்சினாகத் தெரிகிறது. அகலப்பாதையிலேயே காலம் கழித்த என் கண்ணுக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஓட்டத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டேனிஷ்பேட்டையிலிருந்து லோக்கூருக்கு ஏறும் சேர்வராயன் அடிவாரப் பாதையை நினைத்துக்கொண்டு, பலகையின் ஒரு முனையைப் புத்தகங்களால் உயர்த்தி, எட்டு வேகன்களை மாட்டிவிட்டேன். சக்கரம் ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஆமை வேகத்திலும் திக்காமல் ஏறியது.

சுங்கத் தீர்வையையும் சேர்த்தால் விலை கூடுதல்தான். கண்ணாடி அலமாரியில் வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கையில் எடுத்து ஓட்டுகிறவர்கள், பெட்டியைப் பிரித்ததும் நான்கு ஷூக்களையும் நல்ல பசையால் மறுபடி ஒட்டிவிட்டு ஓட்டுவது நல்லது.