நரம்பு வலி: பழைய அமிட்ரிப்டிலினா, புதிய டுலாக்செடினா?

சர்க்கரை நோய் முற்றி, ராத்திரியில் போர்வை பட்டாலே பாதம் எரிகிறது. டாக்டர் எழுதிய அமிட்ரிப்டிலினையோ டுலாக்செடினையோ கூகுளில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வருகிறது. "எனக்கென்ன மனநோயா?" என்று அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய.

விஷயம் வேறு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அதற்கு நார்அட்ரினலின் என்ற, நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் ரசாயனம் வேண்டும். இந்த இரண்டு மருந்தும் அதைக் கூட்டுகின்றன. செரட்டோனின் என்ற இன்னொரு சேதி ரசாயனத்தை மட்டும் கூட்டும் மருந்துக்கு இந்த வலி அவ்வளவாகக் கேட்பதில்லை. 1992-இல் வந்த அமெரிக்க ஆய்வில் அமிட்ரிப்டிலின் சர்க்கரை நோயாளிகளின் வலியைக் குறைத்தது. செரட்டோனினை மட்டும் கூட்டும் பேர்போன மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்செடின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் 1961 முதல் புழங்குகிறது. விலை மலிவு. வலிக்கு ராத்திரியில் 10 மி.கி. என்று தொடங்குவார்கள், மனச்சோர்வுக்குத் தருவதில் சிறு பங்குதான். தூக்கம் வரும். வலியோடு விழித்துக் கிடப்பவருக்கு அது வரம், விடிகாலையில் வண்டி எடுப்பவருக்குத் தொல்லை. நாக்கு வறளும், மலச்சிக்கல் வரும். புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ள பெரியவர்களுக்கு ஒத்துவராது. இதன் தம்பி நார்ட்ரிப்டிலின் கொஞ்சம் சாது.

டுலாக்செடின் 2004-இல் வந்தது. வழக்கமான அளவு 60 மி.கி. முதல் சில நாள் குமட்டும், சாப்பிட்டபின் போட்டால் தேவலை. ரத்த அழுத்தம் ஏறலாம். ஈரல் கெட்டவர்களும் நிறையக் குடிப்பவர்களும் இதன் பக்கமே போகக்கூடாது. சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும்.

சரி, வலியைக் குறைப்பதில் யார் கெட்டி? 2022-இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமம். அது போதாதவர்களுக்குப் பிரிகாபலின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்தைச் சேர்த்தபோது வலி இன்னும் தணிந்தது. ஆகவே நான் பார்ப்பது பக்கவிளைவைத்தான்: தூக்கம் கெட்ட நாற்பது வயதுக்காரருக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர்த் தொல்லை உள்ள எழுபது வயதுக்காரருக்கு டுலாக்செடின். எதை எடுத்தாலும் டிரமடால் கலந்த வலி மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டிரமடாலும் இந்த மருந்துகளில் ஒன்றும் சேர்ந்தால் ஆபத்து.

எனக்குப் பிடிக்காதது, நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் 75 மி.கி. பிரிகாபலினும் 10 மி.கி. நார்ட்ரிப்டிலினும் கலந்த கூட்டு மாத்திரை. ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அப்புறம், தலை கிறுகிறுத்தால் எதனால் என்றும் தெரியாது.