பரிமாற்ற மாணவருக்கு 0.6 லிட்டர் ரைஸ் குக்கர்: எடுத்துப் போகலாமா?

ஜெர்மனியின் டியூபிங்கன், மார்பர்க், சுவீடனின் லண்ட் மாதிரிச் சின்னப் பல்கலைக்கழக ஊர்களுக்கு ஒரு செமஸ்டர் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் குட்டிக் குக்கர் உதவுமா? சிங்கப்பூரில் தேக்கா பக்கம் 30 வெள்ளி அளவில் கிடைக்கிற சாதா மாடலாக இருந்தால், தாராளமாக. கண்ணாடி மூடி, ஒரே சுவிட்ச், 300 வாட் போதும். கஞ்சி, கேக் என்று பத்துப் பொத்தான் வைத்த டிஜிட்டல் மாடல் பெட்டியின் எடையைத்தான் தின்னும்.

கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி முதலில் வயரைப் பாருங்கள். அது கழற்றக்கூடியதாக, கணினித் திரையில் செருகும் அதே மூன்று துளைத் தலையோடு இருந்தால் நல்லது. ஜெர்மனியிலும் சுவீடனிலும் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்தான் வேறு. அங்கே போய் அந்த ஊர் வயரை வாங்கிச் செருகிவிட்டால் அடாப்டர் தொல்லையே இல்லை. ஆனால் சில குக்கர்களில் வயர் ஏறும் வாயில் ஒரு சின்ன மேடு இருக்கும். அதற்குப் பள்ளம் வெட்டிய, சூடு தாங்குகிற வயர்தான் பொருந்தும். அடாப்டர்தான் கதி என்றால், பக்கவாட்டில் உலோகப் பட்டை தெரிகிற எர்த் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மலிவுச் சரக்கில் எர்த் கிடையாது. ஈரக்கையால் தொடுகிற சாமானுக்கு அது ஆகாது.

ஜப்பான், அமெரிக்கா போகிறவர்கள் இங்கே வாங்கவே வேண்டாம். வோல்ட்டேஜ் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். ஜப்பானின் 100 வோல்ட்டில் இந்த 300 வாட் குக்கர் 57 வாட்தான் தரும். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் சுமார் 82. அரிசி வேகாது, ஊறிக்கொண்டே கிடக்கும்.

கூட வரும் கப் 180 மில்லி, அதாவது ஏறக்குறைய 150 கிராம் அரிசி. ஒரு கப் பாஸ்மதிக்கு ஒன்றரைக் கப் தண்ணீர். தாய்லாந்து மல்லிகை அரிசிக்கு ஒன்றேகால். பொன்னிப் புழுங்கலை அரைமணி ஊறவைத்து இரண்டரை. ஒரு தடவைக்குப் பச்சரிசி மூன்று கப் வரை குக்கர் தாங்கும், புழுங்கல் அரிசியை இரண்டு கப்போடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும். பாஸ்மதி எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். பொன்னிக்குப் பெரிய நகரத்து ஆசியக் கடைக்குத்தான் ரயிலேற வேண்டும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும், அரிசியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பானைக்கு அடியில் இருக்கும் காந்தம் ஏறக்குறைய 103 டிகிரியில் பிடியை விட்டு சுவிட்சைத் தட்டிவிடும். தண்ணீர் இருக்கிறவரை சூடு 100-ஐத் தாண்டாது என்பதால் சாம்பார் வைத்தால் தானாக அணையாது. பக்கத்திலேயே இருந்து அணைக்க வேண்டும். தாளிக்கப் போனாலோ நேர்மாறு: எண்ணெய் காய்ந்து கடுகு வெடிப்பதற்குள் சுவிட்ச் மேலே குதித்துவிடும். சூட்டுத் தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பானை சரியாக உட்காராமல் ஒருபக்கம் அரைவேக்காடாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் தட்டைத் துடையுங்கள்.

பருப்புதான் இதன் பலவீனம். அங்கே பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் கடினநீர்; அதிலுள்ள கால்சியம் துவரம்பருப்பை மசியவே விடாது. இரவே ஊறவைத்து, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டு, மூடியைச் சற்றே விலக்கி வேகவையுங்கள். மைசூர்ப் பருப்பு என்றால் இந்தப் பாடெல்லாம் இல்லை. பானையில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு வினிகர் போதும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

தாளிக்க முடியாது என்பதால் புளிக்காய்ச்சலை வீட்டிலேயே செய்து செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். நெய், பால் பவுடர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். (அம்மாக்கள் ரகசியமாகச் சொருக வேண்டாம்.) விடுதி அறைக்குள்ளேயே குக்கர் வைக்கலாமா, பொதுச் சமையலறையில் மட்டும்தானா என்று வாங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், அறைக்குள் சமைக்கக் கூடாது என்று சொல்கிற விடுதிகள் நிறைய உண்டு.